கற்பூரம் கலந்த ரெசின்

டிசம்பர் 2, திங்கள்

என் ரெசினில் கற்பூரம் கரைத்து ஐந்து மாதமாக என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். செய்தவள் என் தங்கை பூங்கோதை. உடன் நின்றவள் ஷெட்டில் வேலை செய்யும் மரகதம். அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை வித்யா தன் பெண் சம்யுக்தாவைக் கூட்டிக்கொண்டு சின்னவேடம்பட்டியில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு ஐந்து வயது. இரண்டு காதும் கேட்காது, மெஷின் மாட்டினால் கேட்கும். மெஷினைக் காதோடு பொருத்துகிற அச்சைத்தான் நாங்கள் ரெசின் என்கிற பிசினை ஊற்றிச் செய்கிறோம். அது காதுத் துவாரத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். நூலளவு இடம் இருந்தாலும் உள்ளே போன சத்தம் கசிந்து மெஷினுக்கே திரும்பி, கீச்சென்று விசிலடிக்கும். சம்யுக்தாவுக்கு இது மூன்று மாதத்தில் மூன்றாவது அச்சு. மூன்றும் விசில். விசில் வந்தால் பிடுங்கி எறிகிறாள். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் ஆறு மாதமாவது நாள் முழுக்க மாட்டிப் பேச்சைக் கேட்டுப் பழகினால்தான் மற்றக் குழந்தைகளோடு உட்கார வைப்பார்கள் என்று காது டாக்டரம்மா சொல்லியிருக்கிறாராம்.

பதினோரு வருடத்தில் என் ரெசினில் வந்த அச்சு விசிலடித்ததில்லை. அதனால் அவர்கள் போனதும் பரிசோதனை வளையத்தை எடுத்தேன். பித்தளை வளையம், நானே கடைசல் பட்டறையில் நின்று செய்து வாங்கியது. அதில் ரெசினை ஊற்றி யூவி விளக்குப் பெட்டியில் வைத்தால் வில்லையாக இறுகும். இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். வில்லைக்கும் வளையத்துக்கும் நடுவே எத்தனாம் நம்பர் தகடு நுழைகிறது என்று ஃபில்லர் கேஜால் பார்ப்பேன். என் நா-7 ரெசினில் 15 நுழையும், 20 நுழையாது. சனிக்கிழமை 40 நுழைந்தது.

மோந்து பார்த்தேன். கற்பூர வாசனை அடித்தது. ரெசினை மெலிதாக்க நான் ஊற்றும் மோனோமரின் வாசனையே அதுதான், சந்தேகப்பட வழியில்லை. வெளிச்சம் புகாத அந்தக் கறுப்புப் பாட்டிலை ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். இன்று காலை மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. சுரண்டி, வாசலுக்கு எடுத்துப் போய் தீக்குச்சி வைத்தேன். சாமி கும்பிடுகிற கற்பூரம். நின்று எரிந்தது.

நான் மூக்கால் சோதிப்பவள் என்று தெரிந்தவள்தான் இதைச் செய்திருக்க முடியும். என்னோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவள்.

டிசம்பர் 3, செவ்வாய்

பேசவில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. அவளும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

டிசம்பர் 4, புதன்

இன்று கேட்டேன். கலவை அறையில், மரகதத்தை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"கற்பூரம் எதுக்குடி போட்டே?"

"நீ மோந்து பாப்பியே, அதுக்குத்தான்."

அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். அழுவாள் என்று நினைத்திருந்தேன்.

ஆடி மாதமே என் மோனோமரை நிறுத்திவிட்டு வேறு மோனோமரை ஊற்றியிருக்கிறாள். அந்த மோனோமர் எது என்று கேட்டேன். ஹெக்சேன்டையால் டையக்ரிலேட். எனக்குச் சிரிப்பு வந்தது. சுருக்கத்துக்கென்றே பிறந்த சாமான் அது.

பின்னால் இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். ரெசின் திரவமாக இருக்கும்போது அதன் துகள்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. வெளிச்சம் பட்டதும் கை கோத்துக்கொள்கின்றன. கோத்தால் நெருங்கும், நெருங்கினால் மொத்தமும் சுருங்கும். ஒல்லியான துகளுக்கு இரண்டு பக்கமும் கை இருந்தால் ஒரே குவளைக்குள் ஏகப்பட்ட கைகள், ஏகப்பட்ட நெருக்கம். அவள் ஊற்றியது அந்த ஜாதி. நான் தேர்ந்தெடுத்தது ஐசோபோர்னைல் அக்ரிலேட். பருத்த உடம்பு, ஒரே கை. கோத்தாலும் உடம்பு இடத்தை விட்டுக்கொடுக்காது. இதை எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை. எட்டாவது படித்துவிட்டு, பல் செட் செய்யும் லேபில் பன்னிரண்டு வருடம் தட்டு கழுவினேன். அங்கே வரும் டப்பாக்களோடு இருக்கிற காகிதங்களை அகராதி வைத்துப் படித்தேன். ஏழாவது முயற்சியில் நின்றது. நாச்சம்மாளின் ஏழு, அதனால் நா-7.

பூங்கோதை சொன்ன காரணம்: என் மோனோமர் தோலுக்கு ஆகாதாம். மூன்று குழந்தைகளுக்குக் காதில் புண்ணாம். மரகதத்தின் கை வெடித்ததாம். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்ல?"

"மூணு தடவை சொன்னேன்க்கா. மொதத் தடவை நீ ரேடியோவைச் சத்தமா வெச்சே. ரெண்டாந்தடவை டாக்டர் சீட்டைக் கொண்டாந்து காட்டுனேன், அதுல நீ பருப்புக் கல்லைப் பொறுக்கிக் கொட்டுனே. மூணாந்தடவை நான் வாயெடுக்கறதுக்கு முன்னாடியே, உனக்குப் பேர் வேணும்னா பாட்டில்ல உம் பேரைப் போட்டுக்கடின்னே."

பருப்புக் கல்லைக் கொட்டியது உண்மைதான். அது டாக்டர் சீட்டு என்று எனக்குத் தெரியாது. அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"உன்னை ஏமாத்துனது தப்பு. அதுக்கு என்ன வேணாச் சொல்லு, கேட்டுக்கறேன். மாத்துனது தப்பில்லை" என்றாள்.

மரகதம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் செய்தது வேறொன்று. காதிலிருந்து எடுத்த மாதிரியை மெழுகில் ஒரு தரம் முக்குவது வழக்கம். சுருக்கத்தைச் சரிக்கட்ட, அச்சு கொஞ்சம் பருத்து வரட்டும் என்று, ஐந்து மாதமாக இரண்டு தரம் முக்கியிருக்கிறாள். மெழுகு சீக்கிரம் தீர்கிறதே என்று ஐப்பசியிலேயே கேட்டேன். எலி தின்கிறது என்றாள். எலிப்பொறி வாங்கி வைத்தவள் நான்.

டிசம்பர் 5, வியாழன்

கலவை அறைக்குப் புதுப் பூட்டு. சாவி என் இடுப்பில்.

பழைய மோனோமர் பின்னறையில் மூன்று டிரம் இருக்கிறது. அவள் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்திருக்கிறது.

டிசம்பர் 6, வெள்ளி

நா-7 கலந்தேன். ஐந்து மாதம் கழித்துச் சொந்தக் கையால் கலப்பது. இடைப்பட்ட நாளில் மூட்டுவலி என்று கலவையை அவளிடம் விட்டது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பதம் பார்க்க நான் கருவி வைத்துக்கொள்வதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். தொட்டு, இழுத்து, நூல் எவ்வளவு நீளத்தில் அறுகிறது என்று பார்ப்பேன். கையுறை போட்டால் அது தெரியாது. இப்போது வருகிறவர்கள் ஸ்டாப்வாட்சைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

வில்லை: 15.

டிசம்பர் 9, திங்கள்

சம்யுக்தாவுக்கு அச்சு நானே செய்தேன். மெழுகு ஒரே தரம். விளக்குப் பெட்டியில் நானே வைத்து, நானே தேய்த்து, துளை போட்டேன். மதியம் வித்யா கூட்டி வந்தாள். மாட்டினோம். விசில் இல்லை. மெஷினைக் கூட்டினோம், அப்போதும் இல்லை. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று தகர டப்பாவை ஒரு தட்டுத் தட்டினேன். திரும்பி என்னைப் பார்த்தாள். இன்னொரு தரம் தட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள். பதினான்கு தரம் தட்டினேன்.

பூங்கோதை கதவோரம் நின்று பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. எதற்குத் திரும்ப வேண்டும். விசில் இல்லாததை அவளும்தான் கேட்டாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

விரல் இடுக்கில் அரிப்பு. பாத்திரம் தேய்க்கிற சோப்பை மாற்றியிருக்கிறாள். மாற்றுவதே அவளுக்கு வேலை.

டிசம்பர் 11, புதன்

மஞ்சள் போட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். விளக்குகளைக் கழுவித் துடைத்தேன். திரி உருட்ட உட்கார்ந்தால் விரல் நுனி வெடிப்பில் பஞ்சு ஒட்டுகிறது. இரண்டு திரிக்கு மேல் முடியவில்லை. பூங்கோதை வந்து உட்கார்ந்து மீதி இருபத்தைந்தையும் உருட்டினாள். விளக்குகளை வரிசையாக ஏற்றிவிட்டு அவரவர் அறைக்குப் போனோம்.

இந்த வெடிப்பு எனக்குப் பழையதுதான். எட்டு வருடம் இருந்தது. போன ஆவணியில் தானாகப் போயிற்று. வேப்பெண்ணெயால் போயிற்று என்று நினைக்கிறேன். திரும்பவும் ஒரு பாட்டில் வாங்க வேண்டும்.

டிசம்பர் 16, திங்கள்

வித்யா ஃபோன். சம்யுக்தாவின் காது சிவந்து நீர் வடிகிறதாம். தொடவிடவில்லையாம். அச்சைக் கழற்றி வைத்துவிட்டாள்.

குளிப்பாட்டும்போது தண்ணீர் போயிருக்கும், துடைக்கத் தெரியாமல் துடைத்திருப்பாய் என்றேன்.

அதற்கு அவள், "விசில் அடிச்சப்பக் கூட அரை மணி நேரம் மாட்டிக்குவாளுங்ம்மா. இப்ப பெட்டியப் பாத்தாலே அழுகுறா" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன். எரிந்தது. கரண்டியால் கரைத்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மரகதத்தைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். வழவழவென்று இருக்கிறது. இதற்கா டாக்டர் சீட்டு என்று கேட்டேன்.

"இப்ப நல்லாயிருக்குதுங் பெரியக்கா. ஆடிக்கு முன்னால ஆறு வருசம் எம் பொண்ணுக்குத் தலை பின்னி விட்டதில்லைங்க. முடி வெடிப்புல அறுக்கும்."

ஆறு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது யார் தப்பு என்றேன். தனக்கு முன்னால் இரண்டு பெண்கள் வாயைத் திறந்தார்கள், சோம்பேறிகள் என்று சொல்லி நான் அனுப்பிவிட்டேன் என்றாள். பெயரும் சொன்னாள். அவர்கள் சோம்பேறிகள் என்றுதான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம்.

போகும்போது வாசலில் நின்று, "நாஞ் சொன்னதாச் சொல்லாதீங்க. சின்னக்கா அந்த டாக்டருகிட்ட மொதல்ல எங் கையப் பத்திப் பேசலைங்க. உங்க கையப் பத்தித்தான் கேட்டாங்க" என்றாள்.

டிசம்பர் 19, வியாழன்

பேச்சில் எதுவும் தீராது. பரிசோதனைதான் பேச வேண்டும். நா-7 வில்லை ஒன்று, அவள் ரெசினில் வில்லை ஒன்று. வலது முழங்கைக்கு உள்பக்கம் என்னுடையது, இடது பக்கம் அவளுடையது. இரண்டின் மேலும் ஒரே சுருளிலிருந்து பிளாஸ்டர். இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைக்கப் போகிறேன். நா-7 பழி நீங்கும்.

டிசம்பர் 21, சனி

பிரித்தேன்.

வலது: சிவப்பு, வில்லையின் அளவுக்கே வட்டமாக. சின்னச் சின்னக் கொப்புளம். பிளாஸ்டர் சேரவில்லை போலிருக்கிறது.

இடது: ஒன்றுமில்லை.

இடது கையிலும் அதே பிளாஸ்டர்தான்.

டிசம்பர் 22, ஞாயிறு

கறிவேப்பிலைச் செடிக்கு மண் மாற்றினேன். கைக்குப் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு.

டிசம்பர் 23, திங்கள்

கோபம் அடங்கவில்லை, கூடியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் என் ரெசினை மாற்றினாள் என்பது ஒன்று. எனக்குத் தெரியாமல் என் கையைக் குணப்படுத்தியிருக்கிறாள் என்பது அதைவிடப் பெரியது. ஆவணியில் வெடிப்பு ஆறியபோது நான் வேப்பெண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டி ஊரெல்லாம் சொன்னேன். பக்கத்து ஷெட்டுக்காரர்களுக்கு வாங்கிக்கொடுத்தேன். அவள் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டாள். மனதுக்குள் என்ன நினைத்திருப்பாள்?

எனக்கு உண்மை தெரியக் கூடாது என்று முடிவு செய்ய அவள் யார்? திட்டியிருப்பேன், சரி. பாத்திரத்தை எறிந்திருப்பேன். அதற்கப்புறம் யோசித்திருப்பேன். அந்த அப்புறத்தை எனக்குக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயதில் ஒருத்தியைக் கற்பூர வாசனை காட்டி அமர்த்தி வைக்கலாம் என்று நினைத்திருக்கிறாள்.

அவளுக்கு ரெசின் தெரியாது என்பதும் இதில் சேரும். ஒன்றை எடுத்தால் அதன் இடத்தில் எதை வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் அந்த ஒல்லி மோனோமரை நான் வாசல்படி ஏற்றியிருக்க மாட்டேன். ஐந்து மாதத்தில் எண்பத்தாறு அச்சு. எத்தனை விசிலோ. அந்த எண்பத்தாறும் என் பெயரில் போயிருக்கிறது.

டிசம்பர் 26, வியாழன்

குளிர். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துவிட்டது. வெந்நீர்ச் சொம்பில் இறக்கி வைத்தேன். உருகியதும் தண்ணீராய் ஓடியது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் வெந்நீர் ஆறியே போயிற்று. ரெசினில் மோனோமர் எதற்கு? அடிச்சரக்கான ஆலிகோமர் பெரிய பெரிய துகள்கள், உறைந்த தேன்போல இருக்கும், ஊற்ற வராது. மெலிதாக்கத்தான் மோனோமர். சுருக்கத்தில் பெரும்பங்கு மோனோமரால் வருவது. அரிப்பும் அதனால்தான் என்கிறார்கள். மெலிதாவதற்கு மோனோமரைக் குறைத்துச் சூட்டைக் கூட்டினால்?

சாமான்களின் காகிதங்களைத் திரும்ப எடுத்தேன். தோல் பற்றிய பத்தி எல்லாக் காகிதத்திலும் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது. என் மோனோமரின் காகிதத்திலும் இருக்கிறது. பதினோரு வருடத்துக் காகிதம், சுருக்க அட்டவணையில் என் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அடுத்த பக்கம் திருப்பிய தடமில்லை.

டிசம்பர் 28, சனி

முதல் முயற்சி. ஆலிகோமர் ஒன்பது பங்கு. தோலில் எளிதில் இறங்காத மெத்தாக்ரிலேட் ஜாதியில் எடை கூடிய மோனோமர் ஒரு பங்கு. அடுப்பில் நேராகச் சூடு காட்டினேன். பாத்திரத்திலேயே இறுகிவிட்டது. கரண்டி உள்ளே நிற்கிறது.

டிசம்பர் 30, திங்கள்

வெந்நீரில் வைத்து, ஐம்பது டிகிரிக்கு மேல் போகாமல். ஊற்ற வந்தது. வில்லை முழுக்கக் குமிழி. தகடு போட்டுப் பார்க்க லாயக்கில்லை.

ஜனவரி 1, புதன்

பூங்கோதை கேசரி செய்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன். முந்திரி கருகியிருந்தது.

ஜனவரி 3, வெள்ளி

சூட்டோடு அரை மணி மூடி வைத்தால் குமிழி மேலே வந்து உடைகிறது. வில்லை: 25. மேற்பரப்பு பிசுபிசுப்பு. காற்றுப் படுகிற இடத்தில் முழுதாய் இறுகவில்லை என்று பொருள். இறுகாத மோனோமர்தான் தோலில் இறங்குவது. காகிதத்தின் பொடி எழுத்து அப்படிச் சொல்கிறது.

ஜனவரி 6, திங்கள்

வில்லையைக் காற்றுப் படாமல் கிளிசரினில் முக்கி இரண்டாம் தரம் விளக்குப் பெட்டியில் வைத்தேன். பிசுபிசுப்புப் போயிற்று. ஆனால் பதம் பிடிபடவில்லை. சூடாக இருக்கும் ரெசினை விரலால் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியபோது, பின்னால் நின்று பூங்கோதை, "தொடாதே" என்றாள். ஒரு மாதத்தில் அவள் முதலில் பேசிய வார்த்தை.

"தொடாமப் பதம் எப்படித் தெரியும்?"

"கரண்டியைத் தூக்கிப் பிடி. விழுகுற சொட்டை எண்ணு. நான் வாட்ச் பாக்கறேன்."

"அஞ்சு மாசமா இப்படித்தான் பாத்தியா?"

"உன் விரல் எனக்கு ஏது. இப்படித்தான் பாத்தேன்."

கரண்டியைத் தூக்கினேன். அவள் எண்ணினாள். நானும் எண்ணினேன். பத்துச் சொட்டுக்குப் பதினேழு செகண்டு. மூன்று தரமும் அதுவே. என் விரலுக்கு மூன்று தரம் ஒரே அளவு வந்ததில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

வில்லை: 20. நா-7 அளவுக்கு இல்லை. அவளுடைய 40-க்குப் பாதி.

எண்ணி முடித்ததும், "அக்கா, நான் செஞ்சது" என்று ஆரம்பித்தாள். சட்டியைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். சட்டி சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 7, செவ்வாய்

புது வில்லையை இடது கையில் கட்டியிருக்கிறேன். மரகதமும் தன் கையில் கட்டிக்கொண்டாள். நான் சொல்லவில்லை. பயமில்லையா என்றதற்கு, "இத்தனை வருசம் ரெண்டு கையும் குடுத்தேன். ஒரு வில்லைதானுங்க" என்றாள். அதைக் குத்தலாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

ஜனவரி 9, வியாழன்

பிரித்தோம். என் கை: ஒன்றுமில்லை. மரகதத்தின் கை: ஒன்றுமில்லை. பெரியவர்கள் இரண்டு பேரின் கைகள் ஒத்துக்கொண்டதால் ஐந்து வயதுக் காது ஒத்துக்கொள்ளும் என்று எழுத மாட்டேன்.

ஜனவரி 11, சனி

சம்யுக்தாவின் பழைய அளவைத் தேடிப் பதிவு நோட்டுகளை இறக்கினேன். குழந்தைகளின் காது வளரும். ஆறேழு மாதத்துக்கு ஒரு தரம் புது அச்சுக்கு வந்தாக வேண்டும். வராதவர்கள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று சிவப்பு மசியில் எழுதுவேன். பெற்றவர்களுக்கு அக்கறை இல்லை, அல்லது வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு.

இன்று முதல் நோட்டிலிருந்து எண்ணினேன். போன ஆனி மாதம் வரை நாற்பத்தொரு பெயர். எல்லாம் குழந்தைகள். ஒருத்தரையும் ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. சில பெயருக்குப் பக்கத்தில் பூங்கோதையின் பென்சில் எழுத்து, சின்னதாக: "காதில் புண்." அழுத்தி எழுதவில்லை. நான் பார்த்தால் அழித்துவிடலாம் என்று எழுதியதுபோல.

மதியம் சமைக்கவில்லை. அவள் சமைத்தாள்.

ஜனவரி 13, திங்கள், போகி

இவ்வளவு ஆனபிறகும் ஏமாற்றியது ஏமாற்றியதுதான். அதை நான் மறப்பதாக இல்லை. ஆனால் வேலை நிற்கக் கூடாது. இன்னின்னது, இன்னின்னார்:

பின்னறையில் இருக்கும் மூன்று டிரம் பழைய மோனோமரை விற்ற இடத்துக்கே திருப்ப வேண்டும். வாங்கியது நான், திருப்புவதும் நான். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் நானே சொல்ல வேண்டும்.

பூங்கோதை வாங்கிய ஒல்லி மோனோமரை அவள் திருப்ப வேண்டும்.

புது ரெசினில் நான்கு வில்லையைத் தோல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் சரி என்று எழுதித் தரும்வரை ஒரு காதிலும் அது ஏறக் கூடாது. போக வேண்டியது நானும் பூங்கோதையும். சீட்டை நான் வாங்கிப் படிக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு.

சம்யுக்தாவின் காது ஆறியதா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்க வேண்டும். நான். தண்ணீர் போனதால் இல்லை என்று வித்யாவிடம் சொல்ல வேண்டும். அதுவும் நான்தான், முதல் ஃபோனிலேயே. டாக்டர் சீட்டு வந்த பிறகு புது மாதிரி எடுப்பது மரகதம். மெழுகு ஒரு தரம்.

ஆடி முதல் கார்த்திகை வரை போன எண்பத்தாறு அச்சுக்கும் வீடு வீடாகப் போய், என்ன ஊற்றினோம் என்று சொல்லி, விசிலடிப்பதைத் திரும்ப வாங்க வேண்டும். பூங்கோதை. நான் கூடப் போக மாட்டேன். பேசுவதற்கு அவளுக்கு வாய் இருக்கிறது.

சொட்டு எண்ணும் முறையைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்: பூங்கோதை. கையுறை மூன்று அளவில் வாங்க வேண்டும்: மரகதம். என் அளவு பெரியது.

சோம்பேறிகள் என்று நான் அனுப்பிய இரண்டு பெண்களின் முகவரி மரகதத்திடம் கேட்டு வாங்க வேண்டும். போக வேண்டியது நான்.

பாட்டிலில் என்ன பெயர் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். நா-8 இல்லை. சொட்டு எண்ணியது அவள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். கூப்பிட வேண்டியது அவள்.

சிவப்பு மசியில் எழுதிய நாற்பத்தொரு வீட்டுக்கும் ஃபோன் செய்ய வேண்டும். பழைய நம்பர் போகாவிட்டால் முகவரிக்குப் போக வேண்டும். முதல் பெயர் பதினோரு வருடத்துக்கு முந்தையது. அந்தக் குழந்தைக்கு இப்போது பதினாறு வயது இருக்கும். கேட்கிறதா என்று கேட்க வேண்டும். நான்.